எடைச் சீட்டு முதல் பட்டுவாடா வரை: தரவுத்தளத்துக்குள் புரொசீஜர் எழுதுவது எப்படி

செலக்ட், இன்சர்ட், அப்டேட் மூன்றும் கைக்குப் பழகியவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதற்கு மேல் எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். புரொசீஜர் என்பது தரவுத்தளத்துக்குள்ளேயே சேமித்து வைத்து, பெயர் சொல்லி அழைக்கும் நிரல்.

மலேசியாவில், பெஸ்தாரி ஜெயாவில் செம்பனைக் குலை வாங்கும் நிலையம் ஒன்றின் கணக்கு என் பொறுப்பு. பத்தாங் பெர்ஜுந்தை என்றால்தான் பழைய ஆட்களுக்கு ஊர் பிடிபடும். அதற்கு முன் தோட்டத்து ஆபிஸில் சின்னக் கிராணியாக இருந்தேன். இங்கே இருக்கும் சிலாங்கூர் பல்கலைக்கழக வளாகத்துப் பிள்ளைகள் சிலர் கணினிப் பாடத்தில் சந்தேகம் கேட்டு வருவார்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அக்கா, இதையெல்லாம் பைத்தானிலேயே எழுதிவிடலாமே, தரவுத்தளத்துக்குள் ஏன் எழுத வேண்டும்?"

நியாயமான கேள்வி. பாதிக்கு மேற்பட்ட வேலைகளுக்கு உள்ளே எழுதத் தேவையே இல்லை. ஆனால் பணத்தைத் தொடும் விதி ஒன்றைப் பல கைகள் பயன்படுத்தும்போது கதை வேறு. எங்கள் எடை மேடைக் கணினியில் ஒரு நிரல் ஓடுகிறது. ஆபிஸில் வேறொன்று. முதலாளியின் மகன் எக்செலை நேராகத் தரவுத்தளத்தில் இணைத்து வைத்திருக்கிறார். ஒரே சூத்திரத்தை மூன்று இடத்தில் எழுதினால், ஒரு நாள் ஒன்றை மட்டும் திருத்துவார்கள், மற்ற இரண்டும் பழைய விடையையே சொல்லும். லோரிக்கார அண்ணன் வந்து சத்தம் போடுவது நிரல் எழுதியவரிடம் அல்ல, கவுண்டரில் உட்கார்ந்திருப்பவளிடம். ஆகவே அந்த ஒரு விதியை மட்டும் தரவு இருக்கும் இடத்திலேயே பூட்டி வைக்கிறேன்.

கணினி அறிவியலாளர் எட்கர் காட் 1970இல், தரவை அட்டவணைகளாகப் பார்க்கும் உறவுமுறைத் தரவு மாதிரியை வெளியிட்டார். அதன் மேல் வளர்ந்த எஸ்கியூஎல், எது வேண்டும் என்று மட்டும் கேட்கும் மொழி. இதைச் செய், பிறகு அதைச் செய், தவறினால் இப்படிச் செய் என்ற வரிசை அதில் இல்லை. அந்தக் குறையை நிரப்ப, ஆரக்கிள் என்ற தரவுத்தள மென்பொருள் தன் 6ஆம் பதிப்பில் 1988இல் பிஎல் எஸ்கியூஎல் மொழியைக் கொண்டுவந்தது. அதன் நடை ஏடா என்ற நிரல் மொழியிலிருந்து வந்தது. போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளில் அதே சாயலில் பிஎல் பிஜி எஸ்கியூஎல் 1998இல், 6.4 பதிப்போடு சேர்ந்தது. நான் போஸ்ட்கிரெஸ்காரி. இங்கே சொல்வதெல்லாம் அதற்கே பொருந்தும். ஆரக்கிள் வேறுபடும் இடங்களில் சொல்லிவிடுகிறேன்.

கட்டளைச் சொற்களை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். அட்டவணைப் பெயரும், நிரலுக்குள் மதிப்பைத் தாங்கும் மாறியின் பெயரும் தமிழிலேயே இருக்கலாம், போஸ்ட்கிரெஸ் முகம் சுளிக்காது. ஒரு பெயருக்கு 63 பைட்தான் இடம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். எழுத்துகளைப் பைட்டாக்கும் யூடிஎஃப் 8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். புள்ளியும் கொம்பும் தனிக் குறிகள். 'முன்பணம்' என்ற ஐந்தெழுத்துப் பெயரே 24 பைட் தின்றுவிடும். நீளமான பெயரை அது வெட்டிவிட்டு ஓர் அறிவிப்போடு மேலே போய்விடும்.

முதலில் அட்டவணை, பிறகுதான் நிரல்

எங்கள் கணக்கு இப்படி. லோரி பாரத்தோடு எடை மேடையில் ஏறும்: 5,120 கிலோ. இறக்கிவிட்டுக் காலியாக ஏறும்: 2,780 கிலோ. நிகரம் 2,340 கிலோ. செம்பனை விலையை ஒரு விழுக்காட்டு எண்ணெய்க்கு இவ்வளவு ரிங்கிட் என்று சொல்வார்கள். அதைக் குலையின் எண்ணெய் விழுக்காட்டால் பெருக்கினால் ஒரு டன்னின் விலை. கணக்குக்காக 40 ரிங்கிட் என்றும் 19 விழுக்காடு என்றும் வைப்போம். டன்னுக்கு 760 ரிங்கிட், லோரிக்கு 1,778.40. செம்பனையை வணிகத்துக்கென 1917இல் இந்நாட்டில் முதலில் நட்ட தென்னமரம் தோட்டம் எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. அன்றைய கிராணிகள் இந்தப் பெருக்கலைத் தாளில் போட்டார்கள்.

புரொசீஜர் எழுதத் துடிக்கும் கையைக் கொஞ்சம் அடக்குங்கள். பார எடை காலி எடையைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதற்கு நிரல் எதற்கு? அட்டவணையில் ஒரு செக் நிபந்தனை போதும். தோட்டக்காரர் எண் இல்லாமல் சீட்டு வரக் கூடாதா? நாட் நல் (நல் என்றால் மதிப்பே இல்லாத வெறுமை, அது கூடாது), அதோடு ஃபாரின் கீ (அந்த எண் தோட்டக்காரர் அட்டவணையில் இருந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை). அட்டவணையே தடுத்துவிடக் கூடியதை இஃப் போட்டுத் தடுப்பது வீண் வேலை. அந்த இஃபைச் சுற்றிக்கொண்டு யாராவது நேராக இன்சர்ட் செய்யவும் முடியும்.

கழிவு விழுக்காட்டில் மட்டும் நின்று யோசியுங்கள். பழுக்காத குலைக்காகத் தரம் பார்ப்பவர் எடையில் கொஞ்சம் கழிப்பார். அட்டவணையின் அந்தப் புலம் (நெடுவரிசை) 'நல்' ஆக இருந்தால் பெருக்கல் முழுவதும் 'நல்' ஆகிவிடும், பணச் சீட்டில் தொகை வெறுமையாக வரும். 'நல்' வந்தால் பதிலுக்கு வேறு மதிப்பைத் தரும் கோஅலெஸ் போட்டுப் பூஜ்யம் ஆக்கிவிடலாம் என்று எல்லாரும் ஓடுவார்கள். ஆனால் "கழிவு இல்லை" வேறு, "இன்னும் தரம் பார்க்கவில்லை" வேறு. இரண்டாவதைப் பூஜ்யமாக்கினால் பச்சைக் குலைக்கும் முழு விலை கொடுப்பீர்கள். தரம் பார்க்காத சீட்டைப் பட்டுவாடாவில் சேர்க்காமல் விடுவதே சரி.

ஒரு சின்ன ஃபங்ஷன்: ஐந்து சென்

மலேசியாவில் 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கமாகக் கட்டும் மொத்தத் தொகையை அருகிலுள்ள ஐந்து சென்னுக்குச் சரிசெய்கிறோம். ஒரு சென் நாணயம் கைமாறுவதில்லை. 1,778.42 வந்தால் 1,778.40 கொடுப்போம், 1,778.43 வந்தால் 1,778.45. முதல் ஃபங்ஷனுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை: தொகை ஒன்று உள்ளே போகிறது, தொகை ஒன்று வெளியே வருகிறது, அட்டவணை எதையும் தொடுவதில்லை. உடல் ஒரே வரி. தொகையை 0.05ஆல் வகுத்து, ரவுண்ட் செய்து, மீண்டும் 0.05ஆல் பெருக்கித் திருப்பி அனுப்புங்கள்.

தொகையின் வகை நியூமரிக்காக இருக்கட்டும். ஃப்ளோட் வகை ரிங்கிட்டைத் தொடக் கூடாது, அது பின்னங்களை இரண்டடிமான முறையில் தோராயமாகத்தான் வைத்திருக்கும். தலைப்பில் இம்யூட்டபிள் என்று குறியுங்கள்: ஒரே உள்ளீட்டுக்கு என்றைக்கும் ஒரே விடை என்று பொருள். விலை அட்டவணையைப் பார்க்கும் ஃபங்ஷனுக்கு அந்தக் குறியை இடாதீர்கள். நேற்றுக் கணக்கிட்ட விடையை நினைவில் வைத்து இன்றைக்கும் கொடுக்க அதற்கு அனுமதி கொடுத்ததாகிவிடும். அங்கே ஸ்டேபிள்: ஒரு கட்டளை ஓடும்வரை மட்டும் விடை மாறாது என்று பொருள்.

வங்கியில் போடும் பணத்துக்கு இந்தச் சரிகட்டல் கிடையாது. ஆகவே கணக்கிடும் ஃபங்ஷனுக்குள் இதைத் திணிக்காமல் தனியாக வைத்து, ரொக்கச் சீட்டு அடிக்கும் இடத்தில் மட்டும் அழைக்கிறேன்.

தொகை கணக்கிடும் ஃபங்ஷன்

எல்லா நிரலுக்கும் உடற்கட்டு ஒன்றுதான்.

டிக்லேர்
    ம_நிகரம் எடைச்சீட்டு.நிகர_எடை%டைப்;
    ம_விலை நியூமரிக்;
பிகின்
    வேலை
எக்செப்ஷன்
    தவறினால் செய்ய வேண்டியது
எண்ட்;

டிக்லேர் பகுதியில் மாறிகள். விழுக்காட்டுக் குறியோடு டைப் என்று எழுதினால், அந்த அட்டவணைப் புலத்தின் வகையையே மாறியும் எடுத்துக்கொள்ளும். நாளைக்குப் புலத்தின் அகலத்தைக் கூட்டினால் நிரலைத் தேடித் திருத்த வேண்டாம். எக்செப்ஷன் பகுதி தேவைப்பட்டால் மட்டும்.

மாறிகளின் முன்னால் 'ம_', உள்ளே வரும் மதிப்புகளின் முன்னால் 'உ_' என்று ஒட்டுவது என் பழக்கம். அழகுக்காக அல்ல. மாறிக்கும் புலத்துக்கும் ஆள்_எண் என்று ஒரே பெயர் இருந்து, "ஆள்_எண் = ஆள்_எண் என்ற இடத்தில் திருத்து" என்று எழுதினால், ஆரக்கிள் இரண்டையுமே புலம் என்று எடுத்துக்கொள்ளும். நிபந்தனை எல்லாப் பதிவுக்கும் உண்மையாகும், ஒருவருக்குப் போட வேண்டிய திருத்தம் ஊர் முழுக்கப் போய் விழும். போஸ்ட்கிரெஸ் 9.0 முதல் குழப்பம் என்று சொல்லி நின்றுவிடுகிறது. என்றாலும் முன்னொட்டை விடாதீர்கள்.

அன்றைய விலையை எடுத்து மாறியில் வைக்க செலக்ட் இன்டு. இங்கே ஸ்ட்ரிக்ட் என்ற சொல்லைச் சேர்க்காமல் விடுவது ஆபத்து. ஆபிஸில் யாரும் இன்றைய விலையைப் பதியவில்லை என்றால், ஸ்ட்ரிக்ட் இல்லாத போஸ்ட்கிரெஸ் மாறியில் 'நல்' வைத்துவிட்டு அமைதியாக நடக்கும். இரண்டு விலை பதிந்திருந்தால் கையில் முதலில் கிடைத்ததை எடுக்கும். ஸ்ட்ரிக்ட் போட்டால் இரண்டு நிலையிலும் பிழை எழுப்பி நிற்கும். ஆரக்கிள் எப்போதுமே அப்படி நிற்கும், அதில் எனக்குப் பொறாமை உண்டு.

அடுத்து வகுத்தல். கிலோவை டன்னாக்க 1000ஆல் வகுக்கிறோம். எடை மேடை முழு எண்ணாகத் தருவதால் புலத்தை இன்டிஜராக வைத்திருப்பீர்கள். போஸ்ட்கிரெஸில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண். 2340ஐ 1000ஆல் வகுத்தால் 2. லோரிக்கு 1,520 ரிங்கிட், தோட்டக்காரருக்கு 258.40 நஷ்டம். சின்ன வண்டியில் 850 கிலோ கொண்டுவந்த பெரியவருக்குப் பூஜ்யம். 1000.0 என்று எழுதுங்கள், தீர்ந்தது.

இஃபுக்குள் நல் வந்தால் நிபந்தனை உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை. நடை எல்ஸ் பக்கம் போகும். "கழிவு 5க்கு மேல் இருந்தால் மேலாளர் கையெழுத்து, இல்லாவிட்டால் பணம் கொடு" என்று எழுதியிருந்தால், தரம் பார்க்காத சீட்டு பணம் கொடு என்ற பக்கம்தான் விழும்.

பட்டுவாடா புரொசீஜர்

ஃபங்ஷன் ஒரு மதிப்பைத் திருப்பித் தரும், செலக்டுக்குள் உட்காரும். புரொசீஜரைக் கால் என்று தனியாக அழைக்கிறோம், அது வேலையைச் செய்யும், நடுவில் கமிட்டும் (அதுவரை செய்த மாற்றங்களை நிலைப்படுத்துவது) செய்யலாம். போஸ்ட்கிரெஸில் 2018இல் வந்த 11ஆம் பதிப்பிலிருந்துதான் இந்த இரண்டாவது வகை உண்டு.

பட்டுவாடாவை இரண்டு புரொசீஜராகப் பிரிக்கச் சொல்வேன். ஒருவருக்கு மட்டும் கணக்குத் தீர்ப்பது ஒன்று. அதில் கமிட் கிடையாது. எல்லாரையும் சுற்றிவந்து அதை அழைப்பது இன்னொன்று. கமிட் அங்கே.

ஒருவருக்குத் தீர்க்கும் புரொசீஜரின் முதல் வரி, அந்தத் தோட்டக்காரரின் பதிவை ஃபார் அப்டேட் போட்டு, அதாவது பூட்டி, எடுப்பது. இரண்டு கணினியில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால், இரண்டாமவர் இங்கே காத்திருப்பார். சீட்டுகளைக் கூட்டும் செலக்டிலேயே ஃபார் அப்டேட் போடப் பார்க்காதீர்கள், கூட்டும் சம் இருக்கும் இடத்தில் அதை ஏற்காது. ஆளின் பதிவைப் பூட்டுவதில் இன்னொரு வசதியும் கிடைக்கிறது. எடைச் சீட்டில் ஃபாரின் கீ இருப்பதால், புதுச் சீட்டு ஒன்று இடையில் நுழைய வந்தாலும் தாய்ப் பதிவின் (அந்தத் தோட்டக்காரர் பதிவின்) பூட்டு திறக்கும்வரை காத்திருக்கும். நீங்கள் கூட்டிய சீட்டுகளும், பணம் கொடுத்தாயிற்று என்று குறித்த சீட்டுகளும் ஒன்றாகவே இருக்கும்.

பிறகு தீராத சீட்டுகளைக் கூட்டி ம_மொத்தத்தில் வைக்கிறோம். எதுவும் இல்லை என்றால் ரெய்ஸ் எக்செப்ஷன் போட்டுப் பிழை எழுப்புகிறோம், "தீர்க்கச் சீட்டு இல்லை" என்று தமிழிலேயே செய்தி எழுதலாம்.

அடுத்தது முன்பணம். தீபாவளிக்கு முன் வாங்கியது, பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு வாங்கியது என்று பாக்கி இருக்கும். வர வேண்டிய பணத்தில் பாதிக்கு மேல் ஒரே தடவையில் பிடிக்கக் கூடாது என்பது எங்கள் நிலையத்து வழக்கம். பாக்கியும் பாதித் தொகையும் எது குறைவோ அதைப் பிடி: லீஸ்ட் ஃபங்ஷன். 1,778.40 வரவு, 1,200 பாக்கி என்றால் 889.20 பிடித்து, 310.80 பாக்கியில் நிற்கும். அழகாக இருக்கிறது, இல்லையா? முன்பணமே வாங்காதவருக்குப் பாக்கி 'நல்' ஆக இருந்தால் என்ன ஆகும்? ஆரக்கிளில் விடையும் நல். போஸ்ட்கிரெஸின் லீஸ்ட் 'நல்' இருப்பதைக் கண்டுகொள்ளாமல் மற்றதைத் தரும். அதாவது ஒரு சென்கூடக் கடன் இல்லாதவரிடம் பாதிப் பணத்தைப் பிடித்துவிடும். இங்கே கோஅலெஸ் தாராளமாகப் போடுங்கள், முன்பணப் பதிவு இல்லை என்றால் பாக்கி பூஜ்யம்தான், இதில் இரண்டு அர்த்தம் இல்லை.

கடைசியாகப் பணச் சீட்டைப் பதிந்து, அதன் எண்ணை எல்லா எடைச் சீட்டிலும் அப்டேட் செய்கிறோம். ஒரே அப்டேட். சீட்டுகளைக் கர்சர் வைத்து ஒவ்வொன்றாக எடுத்துத் திருத்துவது, குலைக்கு ஒரு லோரி அனுப்புவது போன்ற வேலை. பிற மொழியிலிருந்து வருபவர்களின் கை தானாகவே லூப்புக்குப் போகும். லூப் எழுதும் முன் இதை ஒரே கட்டளையில் சொல்ல முடியுமா என்று பாருங்கள். சம், வகை பிரிக்கும் குரூப் பை, நிபந்தனை பார்க்கும் கேஸ் மூன்றிலும் பெரும்பாலான லூப்புகள் கரைந்துவிடும். ஆரக்கிளில் நிரல் இயந்திரமும் எஸ்கியூஎல் இயந்திரமும் வேறு வேறு, ஒவ்வொரு சுற்றிலும் இங்கிருந்து அங்கே தாவ வேண்டும். அந்தத் தாவலைக் குறைக்கத்தான் அவர்கள் பல்க் கலெக்ட், ஃபார்ஆல் என்று வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் வெளிச் சுற்றுக்கு ஏன் லூப்? ஒருவர் கணக்கில் கோளாறு என்பதற்காக மற்ற எல்லாருடைய பணமும் நிற்கக் கூடாது. லூப்புக்கு உண்மையான காரணம் இதுதான்.

ஃபார் ம_ஆள் இன் செலக்ட் ஆள்_எண் ஃப்ரம் தோட்டக்காரர் லூப்
    பிகின்
        கால் ஒருவருக்கு_தீர்(ம_ஆள்.ஆள்_எண்);
    எக்செப்ஷன் வென் அதர்ஸ் தென்
        இன்சர்ட் இன்டு தவறு_ஏடு
        வேல்யூஸ் (ம_ஆள்.ஆள்_எண், எஸ்கியூஎல்ஸ்டேட், எஸ்கியூஎல்எர்ம், நவ்());
    எண்ட்;
    கமிட்;
எண்ட் லூப்;

ம_ஆள் மாறியை, ஒரு முழுப் பதிவைத் தாங்கும் ரெக்கார்ட் வகையில் அறிவியுங்கள். வென் அதர்ஸ் கிட்டத்தட்ட எல்லாப் பிழையையும் பிடிக்கும். எஸ்கியூஎல்ஸ்டேட் பிழையின் குறியீடு, எஸ்கியூஎல்எர்ம் அதன் செய்தி, நவ்() நேரம். உள்ளே இருக்கும் பிகினுக்குத் தன் எக்செப்ஷன் இருப்பதால், பிழை வந்தால் அந்த ஆளுக்குச் செய்த மாற்றங்கள் மட்டும் அழியும். கமிட் அந்த எண்டுக்கு வெளியே இருப்பதைக் கவனியுங்கள்: எக்செப்ஷன் உள்ள பகுதிக்குள் கமிட் செய்ய போஸ்ட்கிரெஸ் விடாது. இதே நிரலை ஆரக்கிளுக்குக் கொண்டுபோனால் ஒரு வேறுபாடு: அங்கே பிழையைப் பிடித்துவிட்டால், அதே பகுதியில் முன்பு முடிந்த கட்டளைகள் தாமாக அழியாது. சேவ்பாயின்ட் (திரும்பிவர வேண்டிய இடத்தின் குறி) வைத்து நீங்களே பின்வாங்க வேண்டும்.

வென் அதர்ஸ் என்ற சொல்லைக் கண்டாலே எனக்கு முகம் கடுக்கும். பிழையை விழுங்கிவிட்டு எதுவுமே நடக்காதது போல் இருக்க வழி செய்யும் சொல் அது. வென் அதர்ஸ் தென் நல் என்று எழுதிய நிரலை எந்தப் பிள்ளை கொண்டுவந்தாலும் அந்த வரியை அடித்துத் திருப்பிக் கொடுக்கிறேன். மேலே உள்ளதுபோல் ஏட்டில் எழுதுவதானால் மட்டும் சரி. காலையில் அந்த ஏட்டைத் திறந்து பார்க்கும் ஆள் யார் என்பதையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்.

டிரிக்கரும் அனுமதியும்

அட்டவணை மாறும்போது தானாகவே ஓடும் நிரலான டிரிக்கர் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அதிகம் எழுத வேண்டாம் என்பதே என் கட்சி. எடைச் சீட்டை யாராவது திருத்தினால் பழைய எடையையும் புதிய எடையையும் ஓல்டிலிருந்தும் நியூவிலிருந்தும் எடுத்துத் தணிக்கை ஏட்டில் எழுதும் டிரிக்கர் ஒன்று வைத்திருக்கிறேன், அது போதும். பணம் கணக்கிடுவதை டிரிக்கரில் ஒளித்துவைத்தால், தொகை எங்கிருந்து வந்தது என்று அடுத்துவரும் கிராணி தேடியே களைத்துப்போவார். பதிவு மாறுவதற்கு முன் ஓடும் பிஃபோர் டிரிக்கர் 'நல்' திருப்பினால் அந்தப் பதிவு பிழைச் செய்தி இல்லாமலே கைவிடப்படும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதியில், கவுண்டர் கணினியின் பயனருக்குப் பணச் சீட்டு அட்டவணையில் எழுதும் உரிமையை எடுத்துவிடுங்கள். ஒருவருக்குத் தீர்க்கும் புரொசீஜரைச் செக்யூரிட்டி டிஃபைனர் (அழைப்பவரின் உரிமையில் அல்லாமல் புரொசீஜரின் உரிமையாளர் உரிமையில் ஓடுவது) ஆக்கி, அதை ஓட்டும் உரிமையை மட்டும் கொடுங்கள், பெயர்களை எங்கே தேடுவது என்று சொல்லும் சர்ச் பாத்தையும் அதிலேயே கட்டிவிடுங்கள். போஸ்ட்கிரெஸ் புதிய புரொசீஜரை ஓட்டும் உரிமையைத் தானாகவே எல்லாருக்கும் கொடுத்துவிடும், முதலில் பப்ளிக்கிடமிருந்து (எல்லாரிடமிருந்தும்) அதை ரிவோக் செய்து பறித்துவிடுங்கள். செக்யூரிட்டி டிஃபைனர் உள்ள புரொசீஜரில் கமிட் செல்லாது. இரண்டாகப் பிரிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது காரணம் சோதனை. கமிட் இல்லாத புரொசீஜரைப் பரிவர்த்தனை (கமிட் வரை ஒன்றாக நிற்கும் கட்டளைத் தொகுதி) ஒன்றைத் திறந்து ஓட்டி, பணச் சீட்டையும் பாக்கியையும் செலக்ட் செய்து கையால் போட்ட கணக்கோடு ஒப்பிட்டு, ரோல்பேக் சொல்லி எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடலாம். 850 கிலோ சீட்டு ஒன்று, விலை பதியாத நாள் ஒன்று, முன்பணம் இல்லாத ஆள் ஒருவர்: இந்த மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். வெளிச் சுற்றுப் புரொசீஜரை இப்படித் திறந்த பரிவர்த்தனைக்குள் அழைத்தால் கமிட்டில் பிழை வந்து நிற்கும், அதற்குத் தரவுத்தளத்தின் நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பணச் சீட்டு எண், அடுத்தடுத்த எண்ணைத் தரும் சீக்வென்ஸிலிருந்து வருவதானால், ரோல்பேக் செய்தாலும் எடுத்த எண் திரும்பாது, வரிசையில் இடைவெளி விழும். கணக்காய்வாளர் எண் விடுபடக் கூடாது என்று பிடிவாதம் பிடிப்பவரானால் சீக்வென்ஸை விட்டுவிட்டு, கடைசி எண்ணை ஓர் அட்டவணையில் வைத்து ஃபார் அப்டேட் போட்டுக் கூட்டுங்கள். அப்போது எல்லாரும் அந்த ஒரு பதிவுக்காக வரிசையில் நிற்பார்கள், எங்கள் நிலையத்தின் கூட்டத்துக்கு அது பொருட்டில்லை.